யார்க் நகரின் இரு கட்டடங்கள்: உழைப்போர் மனநலம் பற்றி ஒரு வரலாற்று நோக்கு

யாத்திராகமம் ஆறாம் அதிகாரத்தில் நாம் பெரும்பாலும் நில்லாமல் கடந்து செல்லும் குறிப்பு ஒன்று உண்டு. மோசே விடுதலைச் செய்தியைக் கொண்டு வந்தபோது இஸ்ரவேல் மக்கள் அதற்குச் செவிகொடுக்கவில்லை. அவர்களுடைய அவிசுவாசமே காரணம் என்று நூலாசிரியர் கூறவில்லை. கொடிய வேலையினால் அவர்கள் உள்ளம் ஒடிந்து போயிருந்தது என்றே கூறுகிறார். வைக்கோல் கொடாமல் முன்போல் அதே கணக்குச் செங்கல் கேட்கப்பட்ட ஐந்தாம் அதிகாரத்தின் விளைவு இது. வேலை மனிதனின் கையையும் முதுகையும் மட்டுமன்றி, நற்செய்தியைக் கேட்கும் திறனையும் தாக்கவல்லது என்பதைத் திருமறை அறிந்திருக்கிறது. ஆயினும் உழைப்போரின் மனநலம் என்பதைத் திருச்சபை வரலாற்றாசிரியர்கள் தனிப்பொருளாக எடுத்து ஆராய்ந்தது மிக அரிது.

இன்று இப்பொருள் மருத்துவருக்கும் தொழில் நடத்துவோருக்கும் உரியதாகக் கருதப்படுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாடு, பணியிட நெருக்கடி நீடிப்பதால் உண்டாகும் உளச்சோர்வை ஒரு நோயாக அன்று, தொழில் சார்ந்த ஒரு நிலையாகவே குறிப்பிடுகிறது. இவ்வேறுபாடு சிறிதன்று. சோர்வுற்றவனை மட்டும் பரிசோதிப்பதோடு நில்லாமல், அவன் வேலை செய்யும் இடத்தையும் பரிசோதிக்க வேண்டும் என்பது அதன் உட்பொருள். இக்கருத்துக்கு நெடிய முன்வரலாறு உண்டு. அதன் ஒரு கிளை, வட இங்கிலாந்தின் யார்க் நகரில், ஒரு சிறு கிறிஸ்தவக் குழுவினரிடையே வளர்ந்தது. அதனையே நாம் இங்கு ஆராய விழைகிறோம்.

குவேக்கர்கள் எனப்படும் நண்பர் சமயக் குழுவினர் பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பல்கலைக்கழகப் பட்டத்துக்கும் அரசுப் பதவிக்கும் புறம்பானவர்களாய் இருந்தனர். ஆணையிட்டுச் சத்தியம் செய்ய அவர்கள் மனச்சான்று இடம் தரவில்லை. ஆகவே அவர்களுள் திறமை மிக்கோர் வணிகத்தில் இறங்கினர். யார்க் நகரில் 1725ஆம் ஆண்டு மேரி டியூக் என்ற பெண்மணி ஒரு மளிகைக் கடை தொடங்கினார். அவருக்குப் பின் அக்கடை அவருடைய உறவினரான வில்லியம் டியூக்கின் கைக்கு வந்தது. தேயிலையும் காப்பிக்கொட்டையும் கொக்கோவும் விற்ற இக்குடும்பமே, நாம் கூற இருக்கும் இரு கட்டடங்களுக்கும் வேராயிற்று.

முதற்கட்டடத்தின் கதை ஒரு சாவில் தொடங்குகிறது. 1790 மார்ச்சில் ஹன்னா மில்ஸ் என்ற குவேக்கர் கைம்பெண் மனச்சோர்வு காரணமாக யார்க் மனநோயாளர் இல்லத்தில் சேர்க்கப்பட்டார். தொலைவில் இருந்த உறவினர், நகரத்து நண்பர்களை ஒருமுறை சென்று பார்த்துவருமாறு வேண்டினர். இல்லத்தார் அனுமதி மறுத்தனர். ஏப்ரல் இறுதியில் அப்பெண் இறந்தார். உள்ளே நடந்தது எவருக்கும் தெரியவில்லை. பார்வையாளர் கண்ணுக்கு மூடப்பட்ட ஓரிடத்தில் மனிதர் எவ்வாறு நடத்தப்படுவர் என்ற ஐயம் வில்லியம் டியூக்கின் உள்ளத்தை அரித்தது. அவர் மருத்துவர் அல்லர், தேயிலை வணிகர். தம் குழுவினரிடம் பலமுறை வாதாடி, நிதி திரட்டி, 1796ஆம் ஆண்டில் நகர மதிலுக்கு வெளியே 'ரிட்ரீட்' என்ற இல்லத்தைத் திறந்தார். ஏறத்தாழ முப்பது பேர் தங்கத்தக்க வீடு அது.

அங்கு நிகழ்ந்தவற்றை வில்லியமின் பேரன் சாமுவேல் டியூக் 1813ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். போதகர் எவரும் படிக்கத்தக்க நூல் அது. முதல் மருத்துவரான தாமஸ் ஃபவுலர், அக்காலத்தில் வழங்கிய மருந்துகளைச் சோதித்துப் பார்த்து, அவற்றால் பயன் மிகக் குறைவு என்று நேர்மையாக ஒப்புக்கொண்டார். கொந்தளிப்பால் உறங்காதிருந்த நோயாளிக்கு மயக்க மருந்துக்குப் பதிலாக இறைச்சியும் ரொட்டியும் பாலாடைக் கட்டியும் சிறிது மதுவுமாக வயிறார இரவு உணவு கொடுத்தனர், அவர் உறங்கினார். சூரைச்செடியின் கீழ்ச் சாவை வேண்டிக் கிடந்த எலியாவிடம் தேவதூதன் முதலில் அறிவுரை கூறவில்லை, அடையைக் கொடுத்தான் என்பதை யார்க் குவேக்கர்கள் நினைத்தனரோ இல்லையோ, நமக்கு அந்நினைவு எழாமல் இல்லை. முற்றங்களில் முயல்களும் கோழிகளும் கடற்பறவைகளும் வளர்க்கப்பட்டன. நோயாளிகள் தேநீர் விருந்துக்கு அழைக்கப்பட்டனர். நல்லுடை உடுத்தி, விருந்தினர்போல் அமர்ந்து உரையாடினர். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒழுங்கான வேலை அவர்களுக்குப் பெருந்துணையாகும் எனச் சாமுவேல் டியூக் கண்டார். தோட்ட வேலையும் தையலும் வீட்டு வேலையும் செய்தோர் தம்மை அடக்கிக்கொள்ளும் ஆற்றலை மீண்டும் பெற்றனர்.

ஆகவே, யார்க் முதலிற் கற்றது வேலை மனத்தைக் குணமாக்கும் என்பது. ஆனால் எத்தகைய வேலை? நோயாளியின் நிலைக்கு அளந்து கொடுக்கப்பட்டது. ஒருவர் பெயர் அறிந்து கொடுத்தது. நிறுத்தவும் மாற்றவும் கூடியது. இந்நிபந்தனைகளை மறந்துவிட்டு முடிவை மட்டும் எடுத்துக்கொண்டால் பார்வோனும் தன் செங்கற்சூளையை ஒரு மருத்துவமனை என்று கூறிக்கொள்ளலாம்.

இந்நூலால் சினமுற்றது பழைய மனநோயாளர் இல்லம். செய்தித்தாள்களில் வாதம் மூண்டது. காட்ஃப்ரி ஹிக்கின்ஸ் என்ற மாவட்ட நீதிபதி விடாப்பிடியாக உள்ளே சென்று ஆராய்ந்து, மறைத்து வைக்கப்பட்டிருந்த இழிவான அறைகளை 1814ஆம் ஆண்டு வெளிப்படுத்தினார். அவ்வாண்டிலேயே அங்குள்ள பணியாளர் நீக்கப்பட்டனர். ஹன்னா மில்ஸ் இறந்து இருபத்துநான்கு ஆண்டுகளுக்குப் பின்னரே கதவு திறந்தது.

எனினும் ரிட்ரீட் இல்லத்தைப் புகழ்வதோடு நின்றுவிடுவது வரலாறாகாது. அதன் சன்னற் சட்டங்கள் மரத்தாலானவைபோல் தோன்றுமாறு வண்ணம் பூசப்பட்ட இரும்பால் ஆனவை. பூட்டின் ஓசை கேளாதிருக்கத் தோல் உறை இடப்பட்டது. சிறை என்ற உணர்வு நோயாளிக்கு வராதிருக்கச் செய்த அன்பான ஏற்பாடு இது என்பதில் ஐயமில்லை. ஆயினும் இரும்பு இரும்பேயன்றோ? பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷேல் ஃபூக்கோ 1961ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், அங்குக் காலிலிருந்து கழற்றப்பட்ட விலங்கு மனச்சான்றில் பூட்டப்பட்டது எனும் கருத்தில் கடுமையாகக் குறை கூறினார். தன்னை எப்போதும் எவரோ பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற உணர்வே அங்குக் காவலாயிற்று என்பது அவர் வாதம். இக்கண்டனம் மிகைப்பட்டது என்பது நம் கருத்து. பழைய இல்லத்தின் அறைகளில் கிடந்த பெண்களுக்கு இவ்வேறுபாடு சொல்லளவானதாய் இருந்திராது. ஆனால் அவர் எழுப்பிய வினாவைத் தள்ளிவிட முடியாது. இரண்டாம் கட்டடத்தில் அவ்வினா மீண்டும் எழும்.

டியூக் குடும்பக் கடையின் கொக்கோப் பிரிவை 1862ஆம் ஆண்டு ஹென்றி ஐசக் ரவுன்ட்ரீ விலைக்கு வாங்கினார். அவரும் குவேக்கர். தொழில் தள்ளாடவே, 1869ஆம் ஆண்டு அவர் தமையன் ஜோசப் வந்து சேர்ந்தார். அப்போது வேலை செய்தோர் முப்பது பேரளவினர். எனவே முதலாளி ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்தல் இயலும். 1890ஆம் ஆண்டு நகரின் வடபுறம் ஹாக்ஸ்பி சாலையில் நிலம் வாங்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழிலாளர் தொகை நாலாயிரத்தையும் கடந்தது. தேநீர் விருந்துக்கு அழைத்துப் பேசும் முறை முப்பது பேருக்குப் பொருந்தும். நாலாயிரம் பேருக்கு எங்ஙனம் பொருந்தும்? ரவுன்ட்ரீ குடும்பத்தின் அடுத்த ஐம்பதாண்டு முயற்சி இவ்வினாவுக்கு விடை தேடியதே எனலாம். 1902ஆம் ஆண்டு தொடங்கிய தொழிற்சாலை இதழும், அறுந்துபோன நேர்முக அறிமுகத்துக்கு மாற்றாகவே எண்ணப்பட்டது.

பெண் தொழிலாளர், அவர்களுள்ளும் பள்ளியை விட்டு வந்த பதினான்கு வயதுச் சிறுமியர், மிகப் பலர் இருந்தனர். அவர்களைக் கவனிக்க 1890களிலேயே தனி நல அலுவலர் ஒருவர் அமர்த்தப்பட்டார். 1904ஆம் ஆண்டு தொழிற்சாலை மருத்துவரும், 1906ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டமும் வந்தன. நியூ இயர்ஸ்விக் என்ற குடியிருப்பு 1902ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. 1913ஆம் ஆண்டு யார்க் நகரில் கூடிய மாநாட்டில்தான் பல்வேறு தொழிற்சாலைகளின் நல அலுவலர் ஒரு சங்கமாக இணைந்தனர். பிற்காலத்தில் பணியாளர் நிர்வாகம் என்று வழங்கப்பட்ட துறை பிரிட்டனில் இச்சங்கத்தினின்றே வளர்ந்தது.

ஜோசப்பின் மகன் சீபோம் ரவுன்ட்ரீ இவ்வேற்பாடுகளுக்கு அடிப்படையான ஓர் உண்மையைத் தம் நகரிலேயே கணக்கெடுத்துக் கண்டறிந்தார். 1899ஆம் ஆண்டு யார்க்கின் உழைப்பாளர் வீடுதோறும் விசாரணை நடத்தி, 46,754 பேரின் நிலையைப் பதிவு செய்தார். 1901ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய நூலின்படி, நகர மக்களுள் நூற்றுக்கு 27.84 பேர் வறுமையில் இருந்தனர். வேலை இல்லாமை மட்டும் காரணமன்று. வேலை இருந்தும் கூலி போதாமையே பலருடைய வறுமைக்குக் காரணமாயிருந்தது. வாடகைக்கு அஞ்சிக் கண்விழிக்கும் ஒருவனுக்கு ஆலையின் பாட்டுக் குழு என்ன ஆறுதல் தரும்? மனநலத்தின் முதற்படி நியாயமான ஊதியம் என்பதை அவர் இக்கணக்கிலிருந்தே கற்றார். இதனை அவர் 1918ஆம் ஆண்டு எழுதிய, உழைப்பாளரின் மானிடத் தேவைகள் பற்றிய நூலில் விரித்துரைத்தார்.

இத்தனை நன்மைகளோடும் கண்காணிப்பு இணைந்தே வந்தது. சிறுமியரின் நலம் நாடிய அலுவலரே அவர்கள் நடத்தையையும் கவனித்தார். அவர்கள் சமையலும் தையலும் கற்க வேண்டும், உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்பன ஆலையின் விதிகள். மணமான பெண் வேலையை விட்டு விலக வேண்டும் என்ற வழக்கமும் நெடுங்காலம் நீடித்தது. பெண்ணின் நலம் இன்னதென்று பெண்ணைக் கேளாமலே முடிவு செய்யப்பட்டது. வண்ணம் பூசிய இரும்புச் சட்டங்களை இங்கு மறுபடியும் காண்கிறோம்.

முதல் உலகப்போர் இவ்வரலாற்றைத் திருப்பியது. வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் ஆண்களும் பெண்களும் ஞாயிறும் ஓய்வின்றி உழைத்தனர். 1915ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட அரசுக் குழு, அவர்களுடைய களைப்பை முறையாக அளந்தது. வேலை நேரத்தைக் குறைத்த பல இடங்களில் உற்பத்தி குறையவில்லை, சில இடங்களில் கூடியது என்று தெரியவந்தது. ஓய்வுநாட் கட்டளையை நாம் காலமெல்லாம் போதித்துவந்தும் முதலாளிகள் செவிசாய்க்கவில்லை. எண்கள் காட்டியபோது செவிசாய்த்தனர். இது போதகர் பெருமைப்படத்தக்க செய்தியன்று. 1916ஆம் ஆண்டு சீபோம் ரவுன்ட்ரீ வெடிமருந்து அமைச்சகத்தின் நலத்துறைத் தலைவராக அழைக்கப்பட்டார். போர்க்களத்தில் உள்ளம் சிதைந்த வீரரைப் பற்றி 1915ஆம் ஆண்டு மருத்துவ இதழில் எழுதிய சார்லஸ் மையர்ஸ் என்பவரே 1921ஆம் ஆண்டு, ஒரு வணிகரோடு சேர்ந்து, தொழில் உளவியலுக்கான தேசிய நிறுவனத்தை ஏற்படுத்தினார். போர் கற்பித்த பாடம் இவ்வாறு தொழிற்கூடத்துக்குள் நுழைந்தது.

1922ஆம் ஆண்டு ரவுன்ட்ரீ ஆலையில் உளவியலார் ஒருவர் முழுநேரப் பணியில் அமர்த்தப்பட்டார். இந்நியமனத்தின் நோக்கம் இரட்டையாய் இருந்தது. பொருந்தாத வேலையில் சிக்கி அல்லலுறாதபடி ஒவ்வொருவருக்கும் ஏற்ற வேலையைக் கண்டறிவது ஒன்று. சாக்லேட்டுகளைப் பெட்டியில் விரைந்து அடுக்கவல்ல கைகளைத் தேர்ந்தெடுப்பது மற்றொன்று. வெவ்வேறு வடிவத் துண்டுகளைப் பலகையிலுள்ள குழிகளில் பொருத்தும் சோதனை ஒன்று பெண்களுக்கு வைக்கப்பட்டது. தொழிலாளர் இதனை ஐயத்தோடு நோக்கினர். மனத்தை அறிகிறேன் என்று வருபவன் யாருக்காக அறிகிறான் என்பது அவர்கள் கேள்வி. நூறாண்டு கடந்தும் அக்கேள்வி பழையதாகவில்லை. பணியாளரின் மனநிலை அறிய வினாத்தாள் கொடுக்கும் இன்றைய நிறுவனங்களில், விடையைப் படிப்பவர் யார், படித்தபின் செய்வது என்ன என்று தெரியாத பணியாளர் அதனை நம்பி நிரப்புவதில்லை.

யார்க் ஆலையின் உண்மையான சாதனை இவற்றுள் எதுவுமன்று என்பது நம் துணிபு. நீச்சற்குளமும் உணவுக்கூடமும் காண வந்தோர் வியந்தவை. அதிகமாகப் பேசப்படாத வேறொன்றே பெரியது. போர்க்காலத்தில் பிரிவுதோறும் தொழிலாளர் மன்றங்கள் தோன்றின. 1919ஆம் ஆண்டு ஆலை முழுமைக்கும் பொதுவான நடுவண் மன்றம் அமைந்தது. வாரத்துக்கு ஐந்து நாள் வேலை என்ற ஏற்பாடும் அவ்வாண்டிலேயே நடைமுறைக்கு வந்தது. ஆலையின் விதிகள் தொழிலாளரோடு கலந்து வகுக்கப்பட்டன. மேற்பார்வையாளர் ஒருவரை அமர்த்துமுன், அவருக்குக் கீழ் உழைக்கப் போகிறவர்களின் கருத்தும் கேட்கப்பட்டது. முடிவு நிர்வாகத்துடையதே, ஆயினும் கேளாமல் முடிவு செய்யலாகாது. தண்டிக்கப்பட்ட தொழிலாளி முறையிடுவதற்கு ஒரு முறையீட்டுக் குழு இருந்தது. அதில் தொழிலாளர் தேர்ந்தோரும் நிர்வாகத்தார் தேர்ந்தோரும் சம எண்ணிக்கையில் அமர்ந்தனர்; இரு தரப்பும் ஏற்ற ஒருவர் தலைவர். அக்குழுவின் தீர்ப்பு இயக்குநர்களையும் கட்டுப்படுத்தியது.

இதன் பொருளைச் சற்று நிதானித்து நோக்குவோம். பணியிடத்தில் மனத்தை அரிப்பது வேலையின் பளு மட்டுமன்று. மேலாளரின் ஒரு சொல் நாளைய சோற்றைப் பறிக்கலாம், அதைக் கேட்பாரில்லை என்ற அச்சமும் அரிக்கிறது. சீபோம் ரவுன்ட்ரீ தம் 1921ஆம் ஆண்டு நூலில் மேற்பார்வையாளரின் தேர்வுக்கும் பயிற்சிக்கும் மிகுந்த இடம் கொடுத்ததன் காரணம் இதுவே. இயக்குநரின் நல்லெண்ணம் தொழிலாளியை அடைவது மேற்பார்வையாளர் வாயிலாகவே; அவர் கொடியவராயின் ஆலையின் எல்லாக் கருணையும் அவரிடத்தில் தேங்கிவிடும். முறையீட்டுக் குழு அன்பான நிறுவனமன்று. அது நியாயமான நிறுவனம். ஆனால் அதனால் விளைந்த மன அமைதியை நல அலுவலரின் அன்பு தனித்து விளைவித்திருக்க முடியாது. ஹன்னா மில்ஸ் இறந்த இல்லத்தில் இல்லாதிருந்ததும் இதுவே: உள்ளே நடப்பதைப் பார்க்கவும் கேட்கவும் வெளியிலிருந்து ஒருவர்.

இவ்விடத்தில் ஒரு கசப்பான செய்தியையும் கூறாமல் விட இயலாது. யார்க்கில் பக்குவமான பணியிடம் உருவான அதே ஆண்டுகளில், குவேக்கர் ஆலைகளுக்கு வந்த கொக்கோவின் ஒரு பகுதி போர்த்துக்கேயரின் சாவோ தோமே, பிரின்சிப்பே தீவுகளில் விளைந்தது. அங்கோலாவிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டோர் ஒப்பந்தக் கூலிகள் என்ற பெயரில் அங்கு அடிமைகளாய் உழைத்தனர். ஹென்றி நெவின்சன் என்ற எழுத்தாளர் நேரிற் சென்று கண்டு எழுதினார். கேட்பரி, ஃபிரை, ரவுன்ட்ரீ ஆகிய மூன்று நிறுவனங்களும் விசாரித்து, தயங்கி, 1909ஆம் ஆண்டில்தான் அக்கொக்கோவை வாங்க மறுத்தன. தாமதத்தைச் சாடிய செய்தித்தாள் மீது கேட்பரி நிறுவனத்தார் அவதூறு வழக்குத் தொடுத்து வென்றனர். நடுவர் அவர்களுக்கு அளித்த இழப்பீடு ஒரே ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி. அத்தீர்ப்பின் நுட்பத்தை விளக்க வேண்டியதில்லை. தன் கூரையின் கீழ் உழைப்போரின் மனத்தைக் காப்பவர்க்குக் கடலுக்கு அப்பால் உழைப்போரின் உடல் கண்ணில் படாமல் போகக்கூடும்.

நம் வாசகரிற் பலர் இன்றோ நாளையோ பள்ளித் தாளாளராகவும், மருத்துவமனை ஆட்சிக்குழு உறுப்பினராகவும், சேகரத் தலைவராகவும் அமர்வர். அதாவது, பிறருக்கு வேலை கொடுப்பவராவர். நம் நிறுவனங்களில் ஊழியம் என்ற சொல் பணியையும் குறிக்கும், தியாகத்தையும் குறிக்கும். அவ்விரட்டைப் பொருளால் பணியாளர் பலர் தம் களைப்பைச் சொல்ல நாணுகின்றனர். சொன்னால் விசுவாசக் குறைவு என்று எண்ணப்படுமோ என அஞ்சுகின்றனர். மாதக் கடைசியில் வரும் மாறுதல் ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நின்ற உபதேசியார் ஒருவரை நாம் அறிவோம். நல்லவர்கள் நடத்திய நிறுவனம்தான் அது. ஆறுதல் கூறப் பலர் வந்தனர், அவருக்காக ஜெபித்தனர், முறையீட்டைப் பெற்றுக்கொள்ள ஓர் இடம் மட்டும் இல்லை. அவர் பின்னர்ப் பல நாள் உறங்கவில்லை என்று அவர் துணைவியார் கூறினார்.

யார்க்கின் பிற்கால வரலாறு சுருக்கமானது. 1930களில் போட்டி கடுமையாகவே ஆலையில் விற்பனைத் திறனே முதன்மை பெற்றது. கிட்காட் 1935ஆம் ஆண்டுப் படைப்பு. நிறுவனம் 1969ஆம் ஆண்டு மாக்கின்டாஷ் நிறுவனத்தோடு இணைந்தது. 1988ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் நெஸ்லே அதனை விலைக்கு வாங்கியது. நகர மக்களும் தொழிலாளரும் எதிர்த்தும் பயனில்லை. பங்குகள் கைமாறும்போது முறையீட்டுக் குழுக்களுக்கு இடமில்லை. ரிட்ரீட் இல்லத்தில் உள்நோயாளர் சிகிச்சை இருநூற்றிருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் 2018ஆம் ஆண்டு இறுதியில் நின்றது. இரு நிறுவனங்களின் பழைய ஏடுகளும் இன்று யார்க் பல்கலைக்கழகத்தின் போர்த்விக் ஆவணக் காப்பகத்தில் ஒரே கூரையின் கீழ் வைக்கப்பட்டுள்ளன. நோயாளரின் குறிப்பேட்டையும் ஆலையின் பதிவேட்டையும் ஆராய்ச்சியாளர் ஒருவர் ஒரே மேசையில் விரித்துப் படிக்கலாம்.